கட்டிலை எங்கே போடுவது

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸுக்கு ஆகாத குணம் அது என்று எங்கள் டாக்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் பலமுறை தலையாட்டியிருக்கிறேன். இங்கே எழுதப்போவது அந்தக் கோபத்தால் நடந்ததா, நான் சாந்த சொரூபியாக இருந்திருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்குமா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டவர்களை, கையில் ஒன்றும் இல்லாதவர்களை, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். திருப்பூரும் சுற்று வட்டாரமும்தான் எங்கள் எல்லை. வலிக்கு மாத்திரை கொடுப்போம், புண்ணைக் கழுவிக் கட்டுவோம், கூட இருப்பவர்களுக்கு எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று சொல்லித் தருவோம். கடைசி நாட்களை மானத்தோடு கழிக்க வைப்பது எங்கள் வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். மானம் என்றால் என்ன என்பதில் எனக்கு அப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.

அப்படி நான் பார்த்துவந்த ஒரு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தைத்து வரும் பனியனை உள்ளும் புறமுமாகத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சிவகாசிப் பக்கத்திலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவர், கணவன் இறந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்காது. மார்பில் வந்த கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, அது உடைந்து புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் பார்க்க ஆரம்பித்தபோது நுரையீரல் வரை பரவியிருந்தது.

புண்ணின் மேல் வைக்க, கம்பெனிகளில் கழியும் கட்டிங் வேஸ்ட் துணியைத் துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்துப் போவேன். பஞ்சைவிட மெத்தென்று இருக்கும். அவர் ஒவ்வொரு துண்டையும் வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். "இது ஜிஎஸ்எம் கம்மி சிஸ்டர், மெல்லிசா இருக்கு, ரெண்டா மடிச்சு வைங்க" என்பார். மூச்சு வாங்கும். ஆனாலும் பார்க்காமல் கொடுக்க மாட்டார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அவர் இருந்தது ஒரு லைன் வீட்டில். எதிரும் புதிருமாக நாலு நாலு அறைகள், நடுவில் பொதுவான வாசல், அதில் ஒரு குழாய், கோடியில் இரண்டு கக்கூஸ். அறை என்பது பத்துக்குப் பத்து. சமையல், படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். லைனின் சொந்தக்கார அம்மா பக்கத்துக் காம்பவுண்டில் குடியிருந்தார். அறுபது வயது, தனியாள். காலையில் எல்லோரும் கம்பெனிக்குக் கிளம்பி வாசல் காலியானதும், பதினோரு மணிக்கு ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வருவார். "ஒரு வாய் குடி கண்ணு" என்று ஊட்டிவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். நல்ல மனுஷி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவர் என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். கையில் தினசரிக் காலண்டரை அப்படியே ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தார்.

"வர்ற பொதங்கெழம அவிட்டம் பொறக்குதுங்க சிஸ்டர். அதுல இருந்து அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளைக்கு மட்டும் கட்டல வாசல்ல போட்டுக்கலாமுங்களா?"

எனக்கு உடனே புரிந்தது. நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் பிறந்தவள், எங்கள் ஊரிலும் இது உண்டு. அவிட்டத்திலிருந்து ரேவதி வரை வரும் ஐந்து நட்சத்திரங்களில் யாராவது வீட்டுக்குள் இறந்துபோனால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். அடைப்பு என்பார்கள். வெளியே, வானம் பார்க்க உயிர் போனால் வீட்டுக்கு ஒன்றுமில்லை. பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் புழங்கிக்கொள்வார்கள். ஒரே அறைதான் வீடு என்கிற இடத்தில் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பார்கள்? முன்பு ஒருமுறை இந்த லைனிலேயே அப்படி ஆகி, இரண்டு பக்கத்து ஆட்களும் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"ஏனுங்க, உசுரோட இருக்கறவங்கள வெளிய தள்ளச் சொல்றீங்களா?" என்றேன்.

"தள்ளறதில்லீங்க. மேல தார்ப்பாய் கட்டிப்போடலாம். புண்ணுக்குக் கட்டறப்ப உள்ள தூக்கிக்கலாமுங்க. அந்தப் புள்ளயும்..."

அவரை நான் முடிக்க விடவில்லை. கக்கூஸுக்கு வாளியோடு நிற்கிற வரிசையின் நடுவில் ஒரு பெண் சாகக் கிடப்பதா, போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பதா, உங்கள் வீட்டில் ஒருவருக்கு என்றால் இப்படிச் செய்வீர்களா என்று கொட்டித் தீர்த்தேன். கட்டிலை ஓரடி நகர்த்தினாலும் போலீஸுக்குப் போவேன் என்றும் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. ஆகவே இத்தனையையும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அந்த அம்மா காலண்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவிங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே திரும்பிப் போனேன். குழாயடியில் பேசியதெல்லாம் அறைக்குள் கேட்டிருக்கும். அந்த அக்கா, "வெளியவே போடச் சொல்லுங்க சிஸ்டர். இருக்கட்டும்" என்றார்.

"அவங்க சொன்னாங்கன்னு நீங்க பயப்படாதீங்க அக்கா. இது உங்க ஊடு. உங்கள யாரும் அசைக்க முடியாது."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. அந்தம்மா மனசு நோகக் கூடாதுல்ல."

"அவங்க மனசை விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"வெளிய போடுங்க" என்றார் மறுபடியும், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் கேட்டபோது உள்ளே ஒரே புழுக்கமாக இருக்கிறது என்றார். நான் குழு ஆபீஸிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு மறுநாள், "வெளிய கெடந்தா ஆளுக வாறது போறது தெரியும்ல" என்றார். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் வேறு வேறு காரணம். உண்மையான ஆசை என்றால் ஒரே காரணம்தானே இருக்கும், இவர் வீட்டுக்காரிக்காகக் காரணம் தேடித் தேடிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க ஒதுங்கியே இருந்தவர், கடைசியிலுமா ஒதுங்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது யோசித்தால், எனக்கு வேண்டிய ஒரு பொருளுக்கு நானே பத்துக் காரணம் சொல்வேன்.

வீட்டுக்கார அம்மா அதன்பிறகு வரவில்லை. கஞ்சி மட்டும் வந்தது. பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள், தேனிக்காரி, பவர் டேபிள் டெய்லர். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் கஞ்சியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் போவாள். அந்த வாரம் அவளுக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி. எட்டு மணிக்குப் போனால் இரவுதான் திரும்புவாள். "கதவத் தொறந்தே வைக்கட்டுமா சிஸ்டர்? போறவக வாறவக பாத்துக்கிடுவாக" என்று கேட்டாள். திறந்து போட்டால் ஈ மொய்க்கும், புண் வாடைக்கு நாலு பேர் மூக்கைப் பொத்துவதை அக்கா பார்க்க வேண்டாம், சாத்தியே வை என்றேன். கதவின் உள்பக்கம் ஒரு திரையும் கட்டினேன், என் சொந்தச் சேலையைக் கிழித்து.

புதன்கிழமை அவிட்டம் வந்தது. அன்றும் வியாழக்கிழமையும் அவர் நன்றாகத்தான் இருந்தார். அதாவது, வலி இல்லாமல் இருந்தார், அதிகம் பேசவில்லை. கட்டிங் வேஸ்ட்டைக் கையில் கொடுத்தால் விரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். உடம்பு தளர்ந்துவிட்டது என்று எழுதிக்கொண்டேன். அது தளர்ச்சியா, என் மேல் வருத்தமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சோமனூர்ப் பக்கம் ஒருவருக்கு மூத்திரக் குழாய் மாற்றிவிட்டு வர நேரமாகிவிட்டது. லைனுக்குள் வண்டியை நிறுத்தும்போது பன்னிரண்டரை. வாசலில் யாரும் இல்லை. கோடி அறையில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒடிசாப் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அக்காவின் கதவு ஓரளவு திறந்திருந்தது.

அவர் வாசற்படியின் குறுக்கே கிடந்தார். தலையும் வலது தோளும் ஒரு கையும் வெளியே, மீதி உடம்பு உள்ளே. என் சேலைத் திரை அறுந்து முதுகின் மேல் கிடந்தது. உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியவர், கட்டிலிலிருந்து இறங்கி, அந்த நாலடியைத் தவழ்ந்தே வந்திருக்கிறார். துண்டை மார்பின் மேல் இழுத்து மூடியிருந்தார். உடம்பில் சூடு இருந்தது. நாடி இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன், அது தொழில் பழக்கம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு பேரின் சாவைப் பார்த்திருக்கிறேன். அன்று பயந்தேன்.

பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போய்ச் சொன்னதும் வீட்டுக்கார அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். படியில் உட்கார்ந்து அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முடியில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். வெகுநேரம் சத்தமில்லாமல் அழுதார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், உசுரு போறப்ப உள்ள இருந்துச்சுங்களா, வெளிய இருந்துச்சுங்களா?"

வேறொரு நாள் என்றால் அந்தக் கேள்விக்கு என் வாயில் என்னென்ன வந்திருக்குமோ. அன்று கோபமே வரவில்லை. நான் உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூக்கு வெளியே, நெஞ்சு உள்ளே. மூச்சு முதலில் நின்றதா, இதயம் முதலில் நின்றதா? படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

"வெளியதானுங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். "உங்ககிட்டக் கேக்கறதுக்கு முந்தியே ரெண்டு வாரமா எங்கிட்ட இதத்தானுங்க கேட்டுட்டு இருந்தா. வெளிய போடுங்கம்மா, வெளிய போடுங்கம்மான்னு. மத்தவிங்க சங்கடப்படுவாங்களோன்னு நாந்தான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். காலண்டரப் பாத்ததும், செரி, அஞ்சு நாளைக்குன்னு சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்கன்னு உங்ககிட்டக் கேட்டேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க பேச உடலீங்களே கண்ணு" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் எனக்கு முழுதாகத் தெளியவில்லை. பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிறவர், அவிட்டம் என்றைக்கு வருகிறது என்று அந்த அம்மாவுக்கு முன்பே பார்த்திருக்க மாட்டாரா? அந்த அறை பூட்டிக் கிடக்கக் கூடாது என்று தவழ்ந்தாரா? மனித முகம் ஒன்றைப் பார்க்கத் தவழ்ந்தாரா? இல்லை, நெஞ்சடைத்துக் காற்றுக்காகவா? கதவை நான் சாத்தி வைத்திருந்ததால், கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

ஒடிசாப் பையன்களை எழுப்பினோம். கட்டிலை வெளியே கொண்டுவந்து வாசலில் போட்டோம். ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். தார்ப்பாயை வீட்டுக்கார அம்மாவே கட்டினார். அக்காவைக் குளிப்பாட்டி அதில் கிடத்தினோம். நேரம் ஆக ஆக ஒவ்வொருவராக வேலையிலிருந்து வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒரு பெண் அவர் காலைப் பிடித்துவிட்டபடியே உட்கார்ந்திருந்தாள்.

தேனிக்காரப் பெண் பெர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அழுது முடித்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா கடைசியா எதும் கேட்டாகளா சிஸ்டர்?"

"கட்டல வெளிய போடச் சொல்லிக் கேட்டாங்க. நாந்தான் போடல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கட்டிலைப் பார்த்தாள். கட்டில் வெளியேதான் கிடந்தது.