கனிஷாய் வாசித்த குழாய்ச் செய்தி

நாரின் வட்டாரத்தில் கனிஷாயைத் தெரியாதவர்கள் இல்லை. செய்தி வாசிப்பவளாக அல்ல, மைக் பிடித்துக் கல்யாண விருந்து நடத்தித் தருபவளாக. இருபத்திரண்டு வருடம் பத்திரிகைத் தொழில் பார்த்தவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

முதலில் வட்டாரச் செய்தித்தாள். ஆசிரியைகளின் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தலையில் கட்டிய தாள் அது. முதல் பக்கத்தில் வட்டாரத் தலைவர் படம், கடைசிப் பக்கத்தில் அஞ்சலி. எட்டுப் பக்கம் நாலாகி, வாரத் தாள் மாதத் தாளானதும் வானொலிக்குப் போனாள். அங்கே பிறந்தநாள் வாழ்த்தும் சாவு அறிவிப்பும்தான் வாசிப்பு. அதையும் இழுத்து மூடினார்கள். பிறகு தொலைக்காட்சி. அங்கிருந்த கேமராக்காரன் மாஸ்கோவுக்கு டாக்சி ஓட்டப் போய்விட்டான். அன்றிலிருந்து வெளியூர்ச் செய்திக்கு அவளே தன் போனில் படம் பிடிக்கிறாள்.

சம்பளம் பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. அதனால் மற்ற அறிவிப்பாளர்களைப் போல அவளும் சனிக்கிழமைதோறும் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்தாள். டிவியில் தெரியும் முகத்துக்குத்தான் அங்கே கிராக்கி. இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் சம்பளம் கொடுத்தவர்கள். வெட்கப்பட்டது என்னவோ அவள்தான்.

கோக்-புலாக் கிராமத்தில் குடிநீர்க் குழாய் திறந்தபோதும் அவள்தான் போனாள். நிலையத்து வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது. வட்டாரத் தலைவர் ஷார்ஷெனின் காரில் போக வேண்டும், ரிப்பன் வெட்டியதும் அதே காரில் ஆட்டுக்கறி விருந்துக்கு ஏற வேண்டும். ரிப்பனுக்குப் பிறகு எந்தச் செய்தியாளரும் குழாயடியில் நின்றதில்லை. கனிஷாயும் நிற்கவில்லை. “கிராமமே ஆனந்தக் கண்ணீரில்” என்று அன்று மாலை வாசித்தாள்.

ஒரு மாதம் கழித்து ஷார்ஷெனின் மகன் கல்யாணம். அதையும் அவள்தான் நடத்தினாள். முடிவில் ஷார்ஷென் சரிகை வைத்த வெல்வெட் அங்கியை நானூறு பேர் முன்னால் அவள் தோளில் போர்த்தினார். போர்த்திய அங்கியை இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் போர்த்தியவர் முகத்தில் உமிழ்ந்த மாதிரி.

அடுத்த வாரம் கோக்-புலாக் பள்ளி ஆசிரியை புருல் நிலையத்துக்கே வந்துவிட்டாள். ‘எஜே’ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிட்டாள், ஆனால் குரலில் அனல் பறந்தது.

“எஜே, ஆனந்தக் கண்ணீர்னு வாசிச்சீங்களே, எங்க புள்ளைங்க அதையா குடிக்கும்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால லாரிய நிறுத்தி, அதுல இருந்த தண்ணியத்தான் குழாய்ல விட்டாங்க. நீங்க கார்ல ஏறினதும் லாரியும் கிளம்பிடுச்சு. வாய்க்கா தண்ணி குடிச்சு இப்ப பதினோரு புள்ளைங்களுக்கு மஞ்சக்காமாலை.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“யார்கிட்ட சொல்ல? நீங்கதான் கறி தின்னப் போயிட்டீங்களே!”

கனிஷாய்க்குச் சுருக்கென்றது. மறுநாளே பஸ் ஏறிப் போய், காய்ந்து கிடந்த குழாயையும் கண் மஞ்சளித்துப் படுத்திருந்த பிள்ளைகளையும் படம் பிடித்து வந்தாள். நிலையத் தலைவர் அசன்குல் பாதிகூடப் பார்க்கவில்லை.

“உனக்கென்ன பைத்தியமா? அவர் போர்த்தின அங்கி இன்னும் உன் வீட்டுல தொங்குது!”

“அங்கிக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம், அண்ணே?”

“அவர் வீட்டு மைக்கப் புடிச்சு வாழ்த்திட்டு, இந்த மைக்கப் புடிச்சுத் திட்டுவியா? அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கு உன்னக் கூப்பிடுவாங்க? ரெண்டு சோறும் போயிடும், பாத்துக்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. அவளுக்கு வாடகை வீடு, கல்லூரியில் ஒரு மகள். ஆனால் அவள் இதுவரை வாசித்த பொய்களெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தவை. இந்த ஆனந்தக் கண்ணீர் அவளே எழுதியது. அதுதான் அவளைத் தின்றது.

வெள்ளிக்கிழமை மாலைச் செய்தி நேரலை. அங்கியை மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“இது வட்டாரத் தலைவர் எனக்குப் போர்த்தியது. திருப்பித் தருகிறேன். நான் வாசித்த கோக்-புலாக் குழாய்ச் செய்தி பொய். குழாயில் தண்ணீர் இல்லை. நோயில் விழுந்த பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கிறேன்.”

ஏழாவது பெயரில் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஊர் முழுக்க ஒரே பேச்சு: “போர்த்தினதத் திருப்பிக் குடுத்தாளாமே, என்ன திமிரு!” பதினோரு பிள்ளைகளின் காமாலையைப் பற்றி ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! திறக்கவில்லை. அங்கிக்கு இருந்த மரியாதை பிள்ளைகளுக்கு இல்லை.

பத்து நாள் கழித்து அதே தொலைக்காட்சியில் ஒரு புதிய பெண் குழாயடியிலிருந்து நேரலையில் தோன்றினாள். கோக்-புலாக் குழாயைச் சீரமைத்துவிட்டார்களாம். ஷார்ஷென் மறுபடியும் ரிப்பன் வெட்டினார், குழாயில் தண்ணீர் கொட்டியது, எல்லோரும் காரை நோக்கி நடந்தார்கள். கனிஷாய் உடனே புருலுக்குப் போன் போட்டாள்.

“தண்ணி வருதா?”

“வருது எஜே. லாரி இன்னும் கிளம்பல.”

“அப்ப நீயாவது விருந்துக்குப் போகாத. அங்கயே நின்னு, லாரி கிளம்பிப் போற வரைக்கும் போன்ல படம் புடி.”