முதுகில் வைத்த கால்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. வெண்ணந்தூரில் என் டிபன் கடைக்கு இட்லி தின்ன வருகிறவர்களில் பாதிப் பேர் முதுகையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்.

மிதிக்கும் முன் ஒன்று கேட்பேன்: "எப்படி இருக்குது, சொல்லுங்க." அவர்கள் சொல்லும் சொல்தான் என் குதிகாலுக்கு வழி. தறி ஓட்டுகிறவர் 'குடைச்சல்' என்றால் தோள்பட்டைக்குக் கீழே. லாரிக்காரர் 'மரத்துப்போச்சு' என்றால் இடுப்பில். களை எடுத்துவிட்டு வரும் பெண்கள் 'உளைச்சல்' என்பார்கள். அவர்களுக்கு என் காலைவிட ஒரு டம்ளர் காபி நல்லது.

போன ஆடியில் ஒரு ரிக் வண்டிக்காரரை அவர் மனைவி கூட்டி வந்தாள். வடக்கே எட்டு மாதம் போர்வெல் போட்டுத் திரும்பியவர். குனிய முடியவில்லை, தூக்கமும் இல்லை. திங்கட்கிழமை வண்டி மறுபடி கிளம்புகிறது. குனிய முடியாதவரை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

"குடைச்சலுங்களா?"

"இல்லீங்கக்கா."

"பிடிப்பா?"

"அதுவுமில்லீங்க." கொஞ்சம் யோசித்தார். "மெசினை நிறுத்திப்போட்டாங்க. எனக்குள்ள நிக்கலீங்க."

மனைவி சிரித்தாள். "இவரு என்னைக்குங்கக்கா ஒரு பதிலை நேராச் சொன்னாரு."

அந்தச் சொல்லுக்கு எங்கே கால் வைப்பது? குப்புறப் படுக்கச் சொல்லி, நடுமுதுகில் வைத்தேன். முதுகு கல்லாக இருந்தது. கல்லுக்கு அடியில், வெகு ஆழத்தில், ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் இருந்த டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். மனைவியும் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

மூன்று முறை மிதித்தேன். தண்ணீர் அடங்கியது.

"நின்னுபோச்சுங்க," என்று எழுந்தவர், குனிந்து செருப்பைத் தானே மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை வண்டி ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் ஓய்ந்து நான் காலை நீட்டி உட்கார்ந்தபோது, பக்கத்திலிருந்த சாம்பார் வாளியில் வட்டம் விழுந்தது. சாலையை எட்டிப் பார்த்தேன். லாரி எதுவும் இல்லை.

தன் முதுகைத் தானே மிதிக்க முடியாது. ராசிபுரத்தில் காலால் பிறந்த இன்னொருத்தி இருக்கிறாள், என்னைவிட வயதில் சின்னவள். பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கக்கா. எப்படி இருக்குது, சொல்லுங்க," என்றாள், நான் கேட்பது போலவே. அவள் இடுப்பில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா அசதி சாமி. உன்னையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரைத் தரையில் வைக்க விடாமல் வாங்கி, ஒரே மடக்கில் குடித்தேன்.