ஹஜ்ரத் யாரை விரட்டினார்?

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் தெருவில் யார் போன் மக்கர் பண்ணினாலும் என் படிப்பின் மேல்தான் பழி விழும். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தின் வெள்ளிக்கிழமைப் பயானை, அதாவது பிரசங்கத்தை, படம்பிடித்து இணையத்தில் ஏற்றும் வேலையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஹஜ்ரத் மெதுவாகப் பேசுவார். தெருவை மறித்து வண்டி நிறுத்தாதே, மருமகளை ஏசாதே. பார்ப்பது நானும் அவர் மனைவியும்தான்.

அத்தா, அதாவது என் அப்பா, குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். அவர் போனுக்கு, அடுத்த மதத்தாரோடு ஒட்டாதே என்று கத்துகிறவர்களைத்தான் பிடிக்கும். ஒருவர் கத்தி முடித்ததும், அவரைவிடச் சத்தமாகக் கத்துகிறவரைக் கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு அல்காரிதம் என்று பெயர் எனக் கல்லூரியில் படித்தேன். நிறுத்துவது எப்படி என்று சொல்லித்தரவில்லை. தீபாவளி நெருங்கும்போது அத்தா உத்தரவு போட்டார்: பக்கத்து வீட்டு ஆச்சி கொடுக்கும் பலகாரத்தை இனி வாங்கக் கூடாது.

"நம்ம பெருநாள் பிரியாணிய அவுக சட்டிய வழிச்சுச் சாப்புடுறாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்பேன்?" அம்மா கண்ணைத் துடைத்தாள். "ஹஜ்ரத்தப் பேசச் சொல்லுடா. அவுக சொன்னாத்தான் உங்க அத்தாவுக்கு ஏறும்."

சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை அண்டை வீட்டாரைப் பற்றியே பேசினார். "அன்பாக் குடுக்குறத முகஞ்சுளிக்காம வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கையில், ஓர் ஆடு உள்ளே புகுந்து பாயைக் கடித்தது. ஹஜ்ரத் எழுந்து நின்று, "யாரு எடத்துல வந்து யாரு மேயிறது? வெளிய போ!" என்று அதட்டினார். என் போன் அவர் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு படத்தில் விழவில்லை.

யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட, ஊர் உலகமெல்லாம் பார்த்தது. 'சிங்கம்!' என்று கீழே எழுதினார்கள். விரட்டப்பட்டவர் யார் என்பதை அவரவர் விரோதியை வைத்து நிரப்பிக்கொண்டார்கள்.

ஹஜ்ரத் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, அந்த ஆட்டையும் சேத்துப் புடிச்சிருக்கக் கூடாதா?"

அத்தா குவைத்திலிருந்து குதித்தார். "இப்புடில்ல பேசணும்! யாரடா அந்த வெரட்டு வெரட்டுனாக?"

"ஆட்ட, அத்தா."

"எந்த ஆட்ட?"

"நம்ம ஆட்டத்தான்."

நம்பவில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க முழுப் பயானையும் போட்டுக் கேட்டார். மறுநாள் குரல் இறங்கியிருந்தது. "கடைசில கத்துதுடா. நம்ம ஆடுதேன்." "ஆச்சி குடுத்தா வாங்கிக்கங்க. அடுத்த மாசம் வாரேன், சீப்புச்சீடை இருந்தா எடுத்துவைக்கச் சொல்லு."

இவ்வளவு பொறுமையாகக் கேட்டவருக்கு அவர் போன் இனி ஹஜ்ரத்தைக் காட்டும் என்று நம்பினேன். ஆடு வளர்ப்பைக் காட்டுகிறது. இப்போதெல்லாம் அத்தா பேசினால் முதல் கேள்வி, கொடி இன ஆடு வாங்கலாமா, கன்னி இன ஆடு வாங்கலாமா என்பதுதான்.