உலையில் போட்ட பிஸ்டன்

தென்காசி ஒர்க்‌ஷாப்பில் என் பைக்கின் பிஸ்டனை வெந்நீரில் போட்டார்கள். ஆயில் கலந்த ஆவி முகத்தில் அடித்ததும், மேலகரத்தில் எங்கள் பழைய அடுக்களை கண்ணுக்குள் வந்துவிட்டது.

நெல் பால் பிடிக்கும் சமயம் அது. கிணற்று இன்ஜினில் பிஸ்டனையும் ராடையும் சேர்க்கும் 'பின்' என்ற உருண்டை இரும்புத் துண்டு தேய்ந்து, டொக் டொக்கென்று சத்தம் போட்டு நின்றுபோனது. அன்றைக்குள் தண்ணீர் பாயாவிட்டால் எல்லாம் பதராகிவிடும். பிஸ்டனைக் கழற்றி வந்து முற்றத்தில் வைத்து மாட்டியபோது புதுப் பின் பிஸ்டனுக்குள் இறங்கவில்லை. அப்பா சுத்தியலைத் தூக்கினார்.

"அடிச்சா பிஸ்டன் கீறிரும்லா! சூடு காட்டணும்" என்ற, இன்ஜினைச் சரிபார்க்க வந்திருந்த மெக்கானிக் அண்ணாச்சி, அடுக்களை அடுப்பில் கொதித்த பானையைப் பார்த்ததும் பிஸ்டனை அதில் போட்டுவிட்டார்.

"அய்யோ, சோத்து உலைலா அது!" என்று அம்மா அலறினாள்.

சூட்டில் துளை விரிந்து, பெருவிரலால் அழுத்தியதுமே அந்தப் பின் உள்ளே போனது. சாயங்காலம் வயல் நிறைந்தது. பசியோடு வந்த அப்பா சோறு கேட்டார்.

"பிஸ்டனத்தான் பொங்கி வச்சிருக்கேன், தின்னுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

"என்ன அண்ணாச்சி, தனியா சிரிக்கீய?" என்றார் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்.

சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஒண்ணுமில்ல தம்பி, பசிக்குது" என்றேன்.