கூடையில் சேராத குப்பை

நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். விருதுநகரில் பஸ் ஏறி சிவகாசியில் இறங்கி, பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களுக்கு நடுவே டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் என் பொறுப்பு. அநேகமாக எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் பட்டாசு வேலைக்குப் போனார்.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் கொடுத்தது. எல்லாமே சுற்றுச்சூழலைக் காப்பது பற்றியவை. வழவழத் தாள், பெரிய எழுத்து. ஒரு புத்தகத்தில் முயல் பல் தேய்த்துக்கொண்டே குழாயை மூடியது. ஏன் மூட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. அந்தக் குழாயில் மட்டும் எப்படி எந்நேரமும் தண்ணீர் வருகிறது என்றுதான் கேட்டார்கள். அந்த ஊருக்கு லாரியில் தண்ணீர் வந்த காலம் அது.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமிக்குக் குப்பை பற்றிய புத்தகம்தான் பிடித்தது. அதில் விதவிதமான நிறங்களில் கூடைகள். காய்கறித் தோல் ஒன்றில், காகிதம் ஒன்றில், கண்ணாடி ஒன்றில். கடைசிப் பக்கத்தில் குப்பை எரிகிறது, மேலே மேகத்துக்குக் கண் வைத்து அதிலிருந்து கண்ணீர் வழிகிறது. ‘குப்பையை எரிக்காதே, காற்று அழும்’ என்று எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். கொடுத்தேன்.

சில நாள் கழித்து அவளுடைய அப்பா பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றார். நகக்கண்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது.

“டீச்சர், ஒரு நிமிசம். பாப்பா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. நான் காத்தை அழ வைக்கேனாம்.”

அவருக்குக் கம்பெனியில் என்ன வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு அறையிலும் கூட்டிய வெடிமருந்துத் தூள், உடைந்த காகிதக் குழாய், சரியாக வராத வெடி எல்லாவற்றையும் வாளியில் அள்ளி, காம்பவுண்டின் கடைசியில் உள்ள குழியில் போட்டு எரிப்பது அவர் வேலை.

“எல்லாரும் கிளம்புனப்புறம்தான் எனக்கு வேலையே. தனியாத்தான் செய்வேன்” என்றார்.

கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். படியில் உட்கார்ந்து வாசித்தேன். கூடைகள் இருந்த பக்கத்துக்குத் திருப்பச் சொல்லி, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இதுல எங்க வேஸ்ட்டுக்குக் கூடை இல்லையே டீச்சர்.”

கேலியாகச் சொல்லவில்லை. இருக்கும் என்று நினைத்துத் தேடியிருக்கிறார்.

“எரிக்க வேண்டிய குப்பையும் இருக்குன்னு அவகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா.”

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “அப்ப புத்தகத்துல பொய்யா போட்டிருக்கு?” என்றாள்.

“பொய் இல்ல. முழுசா எழுதல.”

யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அன்று மதியச் சத்துணவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை அந்தக் கம்பெனிக்கே போய், எரிக்காமல் வேறு வழி இல்லையா என்று போர்மேனிடம் கேட்டேன். மரியாதையாக நாற்காலி போட்டார். “மருந்துக் கழிவைச் சேத்து வைக்கக் கூடாது டீச்சர். அன்னன்னிக்கு எரிச்சுறணும். சேந்தாத்தான் ஆபத்து” என்றார். புத்தகம் கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்த பெண்ணிடமும் இந்தக் கழிவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “எல்லா ஊருக்கும் ஒரே புத்தகம்தான் மேடம்” என்றார்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் நெருக்கியது; லோடு ஏற்ற லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. அந்த நேரம் பார்த்து விடாமல் மழை. குழியில் தண்ணீர் நின்றதால் கழிவையெல்லாம் சாக்கில் கட்டி ஒரு கொட்டகையில் போட்டு வைத்திருக்கிறார்கள். வெயில் அடித்த முதல் நாளே, காலையிலிருந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் எரித்து முடித்துவிட அந்தச் சிறுமியின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. சோதனைக்கு வெடிக்கும் வெடி எப்படிக் கேட்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். இது அது இல்லை என்பதும் தெரிந்தது. ஒருவரும் அழவில்லை. சத்தம் வந்த திசையைப் பார்த்தார்கள். “எங்கம்மா கம்பெனி அங்கன இல்ல” என்றான் ஒருவன். இன்னொருத்தியும் அதையே சொன்னாள்.

அந்தச் சிறுமி என்னிடம் வந்தாள். “எங்கப்பா சாயந்தரம்தான் எரிப்பாக டீச்சர்” என்றாள்.

“ஆமா” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய சித்தப்பா பைக்கில் வந்தார். அவளைத் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். சேர்ந்து கிடந்த ஈரக் கழிவு எரிக்கும்போது மொத்தமாக வெடித்திருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அப்பாவின் உயிர் போயிருந்தது. குழிப்பக்கம் அவர் மட்டும் இருந்ததால் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆறுதல் போலவே அதைச் சொன்னார்கள்.

நான் துக்கம் கேட்கப் போனபோது அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பள்ளிக்கூடத்துப் புத்தகம் உள்ள கிடக்கு டீச்சர். எடுத்துட்டுப் போறீகளா?” என்றார். இருக்கட்டும் என்றேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே மகளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊரான ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போய்விட்டார். அங்கேயும் பட்டாசு வேலைதான்.

லீவு முடிந்து வந்ததும் அச்சாபீஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாள்களை வாங்கி, பின்பக்கத்தில் நானே சில பக்கங்கள் வரைந்தேன். கீழே கிடக்கும் பட்டாசுக் குழாயைத் தொடாதே. சாக்கு மூட்டைப் பக்கம் விளையாடாதே. சில குப்பைகளைப் பெரியவர்கள்தான் எரிக்க வேண்டும், அதுவும் தள்ளி நின்று. எனக்கு நன்றாக வரைய வராது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான் வரைந்த கடைசிப் பக்கத்தைக் காட்டியபோது ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “எங்கப்பா இப்ப அந்த வேலைக்குத்தான் போறாக டீச்சர். எம்புட்டுத் தள்ளி நிக்கணும்?”

எனக்குத் தெரியவில்லை. “ரொம்பத் தள்ளி” என்றேன்.

இரண்டடி பின்னால் போய், “இம்புட்டா?” என்றான். இன்னும் என்றேன். கதவுக்குப் போனான். இன்னும் என்றேன். முற்றத்தைத் தாண்டி, “சுவரு வந்துருச்சு டீச்சர்” என்று அங்கிருந்து கத்தினான்.

உள்ளே வரச் சொன்னேன். அவனுடைய அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்தார். கழிவைச் சேர விடாதீங்க, ஈரமாக இருந்தால் தொடாதீங்க என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கைகட்டிக் கேட்டுக்கொண்டார். “நான் சொன்னா யாரு டீச்சர் கேப்பா?” என்றார். பிறகு ரோட்டில் வேன் ஹாரன் அடிக்க, அவசரமாக ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.