பாய் போட்ட முட்டுக்கட்டை

மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர், டிசம்பர் மழையில் நடந்தது இது. இரும்புலியூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் நாங்கள் இருக்கிறோம். சங்கச் செயலாளர் நான்தான். மற்ற பதினோரு பேரும் "ஆளை விடுங்க" என்று ஒதுங்கியதால் கிடைத்த பதவி. ஆனாலும் பதவி பதவிதானே!

எங்கள் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் ஒரு பழைய கிணறு. போர்வெல் வந்த பிறகு அதை யாரும் சீந்துவதில்லை. அதை மூடி, தரை முழுக்கக் கல் பதித்தால் இன்னும் மூன்று கார் நிறுத்தலாம் என்று திட்டம் போட்டேன். சங்க விதிப்படி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே வாரத்தில் பதினொன்று வந்துவிட்டது. பாக்கி இருந்தது கீழ்வீட்டு பாய் மட்டும்தான். தாம்பரம் மார்க்கெட்டில் பம்ப் மோட்டார் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "இந்த ஒரு மழை போவட்டும் சார், அப்பால பாத்துக்கலாம்" என்று பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கார் இல்லாதவர், அதான் வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் வாட்ஸ்அப் குழுவில், பெயர் சொல்லாமல், ஆங்கிலத்தில் திட்டுவோம். அதுதான் நாகரிகமாம். நானும் அன்று எழுதினேன், நல்ல காரியம் எதைத் தொடங்கினாலும் சிலர் 'புட் எ ஸ்போக் இன் தி வீல்' செய்கிறார்கள் என்று. ஓடும் சக்கரத்தில் கட்டையைச் செருகி நிறுத்துவது, அதாவது அடுத்தவர் திட்டத்தைக் கெடுப்பது. வேலையில் இருந்த முப்பது வருடமும், என் ஃபைலை நிறுத்திவைத்த ஒவ்வொரு அதிகாரியையும் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் திட்டியிருக்கிறேன். குழுவில் ஒன்பது கட்டைவிரல்கள் விழுந்தன. எனக்கு ஒரே குஷி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. வாசலில் பாய், கையில் போன்.

"தப்பா நெனைக்காதீங்க சார். இது என்னைப் பத்திதான்னு புரியுது, அர்த்தம்தான் புரியல. பொண்ணை கேக்கலாம்னு பாத்தேன். அப்பனைத் திட்டினதுக்கு அதுகிட்டயே அர்த்தம் கேட்டா நல்லா இருக்காது, இல்லையா?"

"முட்டுக்கட்டை போடறதுன்னு சொல்லுவோமே பாய், அதான்..." என்று இழுத்தேன்.

"அவ்ளோதானா? அப்ப கரெக்டாத்தான் போட்டுகிறீங்க" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இதைத் தமிழ்ல எழுத உங்களுக்குத் தைரியம் இருந்திருக்குமா?" என்றாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே புயல் வந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இரண்டாவது மாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தோம். தெருவில் முழங்காலளவு தண்ணீர். கரண்ட் இல்லை. தெருச் சாக்கடை, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்குள் புகுந்துவிட்டது. மாடித் தொட்டி முதல் நாளே காலி. குடிக்கக் கேன் தண்ணீர் இருந்தது. ஆனால் பாத்ரூமுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவுக்குள் லாரி வர வழியில்லை. அவளையும் வெளியே கொண்டுபோக முடியாது. இரண்டாம் நாள் காலையில் அவள் எதுவும் சாப்பிட மாட்டேன் என்றாள். ஏன் என்று எனக்குப் புரிந்தபோது அழுகையே வந்துவிட்டது.

காலி பக்கெட்டோடு கீழே இறங்கினேன். கிணற்றடியில் பாய் லுங்கியை மடித்துக் கட்டி, கயிற்றில் வாளி கட்டி இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் இருந்ததால் தெருத் தண்ணீர் உள்ளே போகவில்லை. தெளிந்த தண்ணீர் மேலேயே நின்றது. கட்டைவிரல் போட்ட அத்தனை பேரும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். நானும் போய்க் கடைசியில் நின்றேன்.

"இன்னா சார், அக்காவைத் தனியா வுட்டுட்டு பக்கெட்டைத் தூக்கிகினு வந்துட்டீங்க? போங்க மேல. நான் கொண்டாறேன்."

மூன்று நாள், காலையும் மாலையும், எங்கள் வாசலில் இரண்டு பக்கெட் தண்ணீர் இருந்தது. ஒரு தடவைகூட அந்த ஆங்கிலத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

கரண்ட் வந்ததும் குழுவில் நான் எழுதிய முதல் செய்தி தமிழில், அவர் பெயரைப் போட்டு: கிணற்றை மூட வேண்டாம், நான் எழுதியது தப்பு, மன்னிக்கணும் பாய். அதற்கு விழுந்த முதல் கட்டைவிரல் அவருடையது. இப்போது கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, மொட்டைமாடி மழைநீரை அதில் விட்டிருக்கிறோம். கார் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. யாரும் வாய் திறப்பதில்லை.

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்கிற நூறு பேரும் முன்னால் பார்த்துத்தான் இழுப்பார்கள். சக்கரத்தையே பார்த்துக்கொண்டு கூட ஓடி வருகிறவர், முட்டுக்கட்டை போடுகிறவர்தான். சங்கக் கூட்டத்தில் இப்போது யாராவது ஒருவர் மட்டும் வேண்டாம் என்றால், எனக்கு முன்போல் கோபம் வருவதில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்னு சொல்லுங்க" என்று கேட்கிறேன்.