பொட்டு வைத்த அடாப்டர்

எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். வில்லியனூருக்கு வெளியே, கையடக்க நெபுலைசர் செய்யும் சிறிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு என் வேலை. வீசிங் வரும் குழந்தைகள் வாயருகே பிடித்து மருந்துப் புகையை இழுக்கும் கருவி அது. அந்த வாரம் என் மேசையில் ஒரு புது அடாப்டர் வந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் வழக்கமாக வாங்கும் மாடலை அதைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"பன்னெண்டு வோல்ட்டு, அதே ஆம்பியர், அதே பின்னு. தர முத்திரையும் கீது. இன்னும் இன்னாம்மா வேணும்?" என்றார் பர்ச்சேஸ் மேலாளர்.

என் பட்டியலில் நான்கு டிக் விழுந்தன. ஐந்தாவது வரி காலியாக இருந்தது. கருவிக்குச் சான்றிதழ் வாங்கும்போதே எந்த அடாப்டர் என்று மாடல் எண்ணோடு எழுதிக் கொடுத்திருந்தோம். மாற்றினால் மறுபடியும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அந்தச் சான்றிதழ் பொருந்தாது. புதியதன் லேபிளில் இருந்த தர எண், கணினி, டிவி போன்றவற்றுக்கானது. மருத்துவக் கருவிக்கானது அல்ல.

சோதனைக்குப் பல வாரங்கள் ஆகும், அதுவரை உற்பத்தி லைன் நிற்கும். விதிவிலக்குப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமையே பெட்டிகள் கிளம்பிவிடும். பேனாவைத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒரு எண்ணுக்காக இத்தனை பேரை நிறுத்துவதா என்று எனக்கும் தோன்றியது.

அப்போதுதான் அசெம்பிளி லைனில் வேலை செய்யும், செல்லிப்பட்டு ஊரிலிருந்து வரும் அக்கா வந்தார். அவர் மகளிடம் இருப்பதும் எங்கள் கருவிதான்.

"மேடம், நம்ம மிஷினைக் கையில புடிச்சா சுருசுருன்னு கீதுன்னு பொண்ணு வாயிலயே வெக்க மாட்டேங்குது. பூஜை முடிஞ்சதுலருந்து இதே ரோதனை. அது நடிக்குதுன்னு நெனச்சேன். ஈரக் கையோட தொட்டா எனக்கும் சுருசுருங்குது."

மறுநாள் கருவியையும் அடாப்டரையும் கொண்டுவரச் சொன்னேன். அடாப்டரின் லேபிள் மீது, சரியாக நடுவில், சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். செட்டாப் பாக்ஸ் கம்பெனியின் பெயர் தெரிந்தது.

"அக்கா, இது நம்மளுது இல்ல. உங்க செட்டாப் பாக்ஸோடது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் புடுங்கித் தொடச்சிப் பொட்டு வெச்சேன் மேடம். எல்லாம் ஒரே கறுப்பு, எல்லாத்துக்கும் ஒரே பொட்டு. திருப்பிச் சொருவுனா டிவியும் ஓடுச்சி, மிஷினும் ஓடுச்சி. ஓடுதேன்னு வுட்டுட்டேன்."

ஓடுதே. மேலாளர் சொன்னதும் அதுதான், திறந்த பேனாவோடு நான் நினைத்ததும் அதுதான்.

துடைத்த லேபிளைப் படித்தேன். என் மேசையில் இருந்த புது அடாப்டரில் உள்ள அதே தர எண். மூன்றையும் வரிசையாக அளந்தேன்: அக்காவுடையது, புதியது, எங்கள் பழையது. எந்த அடாப்டரிலும் கொஞ்சம் மின்சாரம் வெளியே கசியும். முதல் இரண்டிலும் கசிவு டிவிக்கு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. மருத்துவக் கருவிக்கான வரம்பு அதைவிடக் கடுமையானது. அதை இரண்டுமே தாண்டின. பழையது தாண்டவில்லை. டிவியை யாரும் வாயருகே பிடிப்பதில்லை.

படிவத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதினேன்.

"ஒரு நம்பருக்காக லைன நிறுத்துறியேம்மா," என்றார் மேலாளர்.

அளவுகள் எழுதிய தாளை அவர் முன் வைத்தேன். இரண்டு முறை படித்தார். பிறகு புது அடாப்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா இன்னும் வாசலில் நின்றிருந்தார். "அப்ப நாங்கல்லாம் வூட்ல குந்தணுமா மேடம்?"

"ஆமாக்கா. கொஞ்ச நாளைக்கு." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது படிவத்தில் எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. "இன்னைக்கே டிவிலருந்து நம்ம அடாப்டரை எடுத்து மிஷின்ல போடுங்க."

லைன் நின்றிருந்த நாட்களில் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்கத்தான் என்று நினைத்து, பதிலை மனதுக்குள் தயார் செய்துகொண்டு எடுத்தேன்.

"மேடம், பொண்ணு இப்பல்லாம் சொல்லாமயே மிஷினை எடுத்து வாயில வெச்சிக்குது. ஒண்ணு கேக்கணும். அடுத்த பூஜைக்குப் பொட்டு எங்க வெக்கறது?"

"எழுத்து இல்லாத பக்கம்," என்றேன்.